ஒருவர் மட்டும் துள்ளலாம்

பத்திரிகை அலுவலகத்தில் முப்பத்தைந்து ஆண்டுகளைக் கழித்தவனிடம் வீட்டில் எவரும் உருப்படியான ஆலோசனை கேட்பதில்லை. மழை வருமா, தேர்தலில் எவர் வெல்வார் என்பன போன்ற, நாம் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் நடப்பது நடந்தே தீரும் விடயங்களைத்தான் கேட்பார்கள். ஆகையினால், சென்ற கோடையில் இலண்டனின் வடமேற்கே ஹரோவில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, ஒரு சனிக்கிழமை காலை மருமகன் தேநீர்க் கோப்பையுடன் எதிரில் வந்தமர்ந்து, "மாமா, நீங்கள் பார்த்து ஒரு முடிவு சொல்லுங்கோ. நீங்கள் சொன்னால் இவ கேட்பா" என்றது எனக்கு வியப்பாகவே இருந்தது.

விடயம் இதுதான். அடுத்த வீட்டு ஆங்கிலேயத் தம்பதியர் வேறு ஊருக்குக் குடிபெயரவிருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் வளர்ந்து பல்கலைக்கழகம் போய்விட்டார்கள். பின்வளவில் அந்தப் பிள்ளைகள் துள்ளி விளையாடிய ட்ரம்போலின் ஒன்று நின்றது. வட்டமான இரும்புச் சட்டம், அதைச் சுற்றி விற்சுருள்கள், நடுவே இழுத்துக் கட்டிய கரும்பாய், மேலே ஆளுயர வலை. பத்தடி விட்டமுடையது. கடையில் வாங்கினால் நல்ல விலை. எங்கள் பேரனுக்கும் பேர்த்திக்கும் அதை இலவசமாகவே தருவதாகச் சொன்னார்கள். பேரனுக்கு எட்டு வயது. பேர்த்திக்கு நாலரை. வேலிக்கு மேலால் அதைப் பார்த்துப் பார்த்தே இருவரும் வளர்ந்தவர்கள். மருமகன் வேண்டும் என்கிறார். மகள் வேண்டாம் என்கிறாள். பிள்ளைகளின் பக்கம் எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு கிழமை அவகாசம் கேட்டேன். செய்தி ஆசிரியராக இருந்த காலத்தில் இளம் நிருபர்களுக்கு நான் ஓயாமல் சொன்ன ஒரு வாக்கியம் உண்டு: "கேட்டதை எழுதாதே தம்பி, போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுது." இப்போது அந்த வாக்கியம் எனக்கே திரும்பி வந்தது.

முதலில் வாசித்தேன். ட்ரம்போலினுக்குச் சுவையான ஒரு வரலாறு இருக்கிறது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த ஜோர்ஜ் நிசென் என்ற இளைஞர், சேர்க்கஸில் ஊஞ்சலிலிருந்து ஊஞ்சலுக்குத் தாவுகிறவர்கள் ஆட்டம் முடிந்ததும் கீழே விரித்த வலையில் விழுந்து துள்ளி எழுவதைக் கண்டார். அந்த வலையிலேயே தொடர்ந்து துள்ள முடிந்தால் எப்படியிருக்கும் என்ற எண்ணம் அவருக்குப் பிறந்தது. தம் பயிற்றுநர் லாரி கிரிஸ்வோல்டுடன் சேர்ந்து 1934இல் முதலாவது நவீன ட்ரம்போலினை அவர் அமைத்தார். நீச்சல் குளத்தில் பாய்வதற்கான பலகையைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லிலிருந்து அதன் பெயர் பிறந்தது. இரண்டாம் உலகப் போரின்போது விமானிகளின் பயிற்சிக்கும் அது பயன்பட்டது. 2000ஆம் ஆண்டு சிட்னியில் அது ஒலிம்பிக் போட்டியாகவும் ஆயிற்று. ஆக, இது பயிற்சி பெற்றவர்களுக்காக, பயிற்றுநர் பக்கத்தில் நிற்கும் இடத்தில் பிறந்த சாதனம். பிற்காலத்தில்தான் விலை குறைந்து வீட்டு வளவுகளுக்கு வந்தது. பயிற்றுநர் மட்டும் கூட வரவில்லை.

அடுத்து மருத்துவர்கள் சொன்னவற்றைத் தேடினேன். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1977ஆம் ஆண்டிலேயே, பாடசாலை உடற்பயிற்சியில் ட்ரம்போலினைத் தவிர்க்க வேண்டும் என்று அறிக்கை விட்டிருக்கிறது. 1999இல் வீடுகளில் வைத்திருக்கவே கூடாது என்றது. 2012இல் மீண்டும் ஆராய்ந்து, வீட்டு உபயோகத்தை வன்மையாக ஊக்கம் குன்றச் செய்ய வேண்டும் என்ற நிலைப்பாட்டை எடுத்தது. கனடாவின் குழந்தை மருத்துவச் சங்கமும் 2007இல் வீட்டில் பொழுதுபோக்காகப் பயன்படுத்த வேண்டாம் என்றே கூறியது. இங்கிலாந்தில் ரொஸ்பா என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் விபத்துத் தடுப்புச் சங்கம் முற்றாகத் தடுக்கவில்லை. எப்படி வைப்பது, எப்படித் துள்ளுவது என்று வழிகாட்டுகிறது. ஆனால் ஆறு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஏற்றதல்ல என்று தெளிவாகவே சொல்கிறது.

எண்களைக் கண்டால் நிறுத்தி நிதானித்து வாசிப்பது பத்திரிகைக்காரனின் பழக்கம். 2009ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்காவில் ட்ரம்போலின் காயங்கள் ஏறத்தாழ 98,000 என்று மதிப்பிடப்பட்டது. அவற்றுள் 3,100 பேர் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டார்கள். அதாவது நூற்றுக்கு மூன்று பேர். எஞ்சியோர் கட்டுப் போட்டுக்கொண்டு வீடு திரும்பியவர்கள். இந்தத் தொகையைப் பார்த்ததும் தலையங்கம் எழுதப் புறப்பட்டுவிடக் கூடாது. எத்தனை இலட்சம் பிள்ளைகள் துள்ளினார்கள் என்பது அந்த எண்ணில் இல்லை. காயமடையாமல் துள்ளி இறங்கிய பிள்ளை எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறுவதில்லை.

எனினும், காயமடைந்தவர்களைப் பற்றிய ஒரு விபரம் என்னை நிறுத்திவிட்டது. காயங்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு, ஒரே நேரத்தில் ஒருவருக்கு மேற்பட்டோர் பாயில் நின்று துள்ளியபோது நிகழ்ந்தவை. அவ்வாறு சேர்ந்து துள்ளும்போது, பெரியவரைவிடச் சிறியவர் காயமடையும் வாய்ப்பு 14 மடங்கு வரை அதிகம்.

ஏன் என்று யோசித்தால் விளங்கும். பாரமானவர் விழும்போது பாய் கீழே இறங்கி, அவருடைய விசையைத் தன்னுள் சேர்த்துக்கொள்கிறது. அந்த விசையைத் திருப்பிக் கொடுக்கும் தருணத்தில் பாயில் சின்னப்பிள்ளை நின்றால், அது தன் காலால் உந்தாத உயரத்துக்கு எறியப்படும். தன்னுடையது அல்லாத வேகத்தை அதனால் கட்டுப்படுத்த முடியாது. மறுபுறம், பாய் மேலெழுந்து வரும் வேளையில் பிள்ளை கீழிறங்கினால் இரண்டும் எதிர் எதிரே மோதும். மெத்தென்று இருக்க வேண்டிய பாய் அந்தக் கணத்தில் நிலம் போல் இறுகியிருக்கும். சிறு பிள்ளைகளின் கணுக்கால் எலும்பல்ல, முழங்காலுக்குச் சற்றுக் கீழே உள்ள கால் எலும்பு முறிவது இதனால்தான் என்கிறார்கள் மருத்துவர்கள். கீழே விழாமலேயே, பாயின் மேல் நின்றபடியே அது முறிந்துவிடலாம்.

இதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அதற்குக் காரணம் ஹரோவில் இல்லை. 1989இல், யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு மாமரத்தடியில் இருந்தது.

அந்த மாமரத்தில் என் மகளுக்கு நானே ஊஞ்சல் கட்டிக் கொடுத்தேன். அப்போது அவளுக்கு எட்டு வயது, இன்று அவளுடைய மகனுக்கு இருப்பதைப் போல. பள்ளிக்கூடம் நடப்பதும் நடக்காததும் நிச்சயமில்லாத நாட்கள். பிள்ளைகள் ஒழுங்கையில் இறங்கி விளையாடுவதே பயமாயிருந்த காலம். வளவுக்குள்ளேயே அவர்களுக்கு ஏதாவது இருக்கட்டும் என்று எண்ணினேன். புதுக் கயிறு வாங்கினேன். வைரித்த கொப்பாகப் பார்த்துக் கட்டினேன். பலகையைச் சிராய் இல்லாமல் இழைத்தேன். பிறகு என் முழுப் பாரத்தையும் கொடுத்து அதில் ஆடிப் பார்த்து, "என்னையே தாங்குது, இனிப் பயமில்லை" என்று மனைவியிடம் சொன்னேன்.

மூன்றாம் நாள் மாலையில் என் தமக்கையின் மகன் வந்தான். பதின்மூன்று வயது. மகள் பலகையில் இருக்க, அவன் பின்னால் ஏறி நின்று உழக்கினான். அவனுடைய பலத்துக்கு ஊஞ்சல் மாமரக் கொப்பைத் தொட்டது. அந்த உயரத்தில் மகளின் கை கயிற்றை விட்டது. இடது முழங்கை முறிந்தது. அன்றிரவு மருத்துவமனைக்குப் போக வழியில்லாமல் மறுநாள்தான் கொண்டு போனோம். எலும்பு பொருந்தியது. ஆனால் அந்தக் கை முற்றாக நீளாது. இன்றும் அவள் கொடியில் உடுப்புக் காயப்போடும்போது கவனித்தால் தெரியும்.

கயிறு அறவில்லை. கொப்பு முறியவில்லை. பலகை பிளக்கவில்லை. நான் சோதித்தவை எல்லாம் சரியாகவே இருந்தன. இரண்டு பிள்ளைகள் ஒன்றாக ஏறுவார்கள் என்பதை மாத்திரம் நான் சோதிக்கவில்லை. மருமகனை நான் அன்று அடித்தேன். அவன் செய்த பிழை, பதின்மூன்று வயதுப் பையன் ஊஞ்சலைக் கண்டால் செய்யக்கூடியதைச் செய்தது மட்டுமே. இதை அவனிடம் சொல்ல எனக்கு மிகப் பல ஆண்டுகள் பிடித்தன.

ஞாயிற்றுக்கிழமை, மருமகனுடன் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு பின்வளவில் இறங்கினேன். சுற்றிவர இரண்டரை மீற்றர் வெற்றிடம் விட வேண்டும் என்பது ரொஸ்பாவின் ஆலோசனை. பத்தடி விட்டம் என்றால் 3.05 மீற்றர். இரு பக்கமும் இரண்டரை சேர்த்தால் 8.05 மீற்றர். வளவின் அகலம் சரியாக எட்டு மீற்றர். "மாமா, அஞ்சு சென்றிமீற்றர்தானே!" என்றார் மருமகன். அந்த ஐந்து சென்றிமீற்றரை நானும் மன்னித்துவிட்டேன். அப்பிள் மரக் கொப்பு ஒன்று தலைக்கு மேலே நீண்டிருந்தது. அதை வெட்டலாம். கற்பாளம் பதித்த இடத்திலிருந்து விலக்கிப் புற்றரையில் வைக்கலாம். புயலுக்கு நிலத்தோடு இறுக்கிக் கட்ட வேண்டும். இது வேடிக்கையல்ல. 2020 பெப்ரவரியில் சியாரா புயல் வீசியபோது இலண்டனின் தென்கிழக்கே ஒரு ட்ரம்போலின் பறந்து போய்ப் புகையிரதத் தண்டவாளத்தில் விழுந்தது.

பிறகு அடுத்த வீட்டுக்காரரின் அனுமதியுடன் அந்தச் சாதனத்தைச் சுற்றிவந்தேன். விற்சுருள்களை ஒவ்வொன்றாகக் கையால் தொட்டு எண்ணினேன். நான்கு இழுபட்டுத் தளர்ந்திருந்தன. ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் கம்பி கட்டியிருந்தார்கள். விற்சுருள்களை மூடும் மெத்தை ஓரிடத்தில் கிழிந்திருந்தது. ஒரு சிறு கால் அதற்குள் இறங்கப் போதும். வலையின் தெற்குப் பக்கத்தை விரலால் இழுத்தேன். வெயிலில் இற்றுப்போன அது கையோடு வந்தது. எத்தனை கிலோ தாங்கும் என்ற அட்டை வெளிறி எழுத்தழிந்து போயிருந்தது. இவற்றை எல்லாம் மாற்றலாம் என்றார் மருமகன். மாற்றலாம்தான். ஆனால் வலை புதிதானாலும் அது வெளியே விழாமல் மட்டுமே தடுக்கும். பெரும்பாலான காயங்கள் பாயின் மேலேயே நடக்கின்றன. வலையைக் கண்டு நமக்கு வரும் துணிவு வலையின் பலத்தைவிடப் பெரிது.

ஆக, கேள்வி இரும்பைப் பற்றியதல்ல. "ஒரு நேரத்தில் ஒருவர்" என்ற அந்த ஒரே விதியை எங்கள் வீட்டில் காப்பாற்ற முடியுமா என்பதே கேள்வி. அதை நாடாவால் அளக்க முடியாது. பிள்ளைகளைத்தான் பார்க்க வேண்டும்.

மூன்று மாலைகள் அடுத்த வீட்டு வளவிலேயே, பழுதான விற்சுருள்களைக் கழற்றிப் புதியவை மாட்டிய பின்னர், பேரனை மட்டும் ஏற அனுமதித்தோம். கரணம் அடிக்கக் கூடாது. நடுப்பாயில் நிற்க வேண்டும். ஏணியை எடுத்துப் பக்கத்தில் சாத்திவிட்டு நான் கதிரை போட்டு அமர்ந்தேன். தங்கைக்கு என் மடியில் இடம். முதல் நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பேரனின் முகத்தில் கண்ட மகிழ்ச்சியை மறைக்க எனக்கு மனமில்லை. கைத்தொலைபேசித் திரையின் முன் குனிந்திருக்கும் பிள்ளை அன்று வானத்தைப் பார்த்துச் சிரித்தான். அன்றிரவு சோறும் கூடுதலாகச் சாப்பிட்டான். "மாமா, பாத்தியளே" என்றார் மருமகன். பார்த்தேன்.

இரண்டாம் நாள் தங்கை மடியில் இருக்க மறுத்தாள். புல்லில் இருந்து பூப் பிடுங்கினாள். மூன்றாம் நாள் கொழும்பிலிருந்து பழைய நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். எங்களோடு ஒரே மேசையில் வேலை செய்த ஒருவர் காலமான செய்தி. எழுந்து இரண்டடி நடந்து முதுகைத் திருப்பியிருப்பேன். ஒரு நிமிடத்துக்கு மேல் இராது. திரும்பிப் பார்த்தபோது பேர்த்தி பாயின் மேல் நின்றாள். அண்ணன் கை கொடுத்துத் தூக்கியிருக்கிறான். நான் வாய் திறப்பதற்கு முன் அவன் துள்ளி இறங்கினான்.

அவள் எழும்பிய உயரத்தை நான் சொன்னால் மிகைப்படுத்துவதாகத் தோன்றும். அவளுடைய முகத்தில் அந்த ஒரு கணம் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. வெறும் திகைப்பு. பிறகு கீழே வந்தாள். முழங்கால்கள் மடிந்தன. பாயில் பக்கவாட்டாக உருண்டாள். எழுந்து உட்கார்ந்து, "அம்மப்பா, இன்னொருக்கா!" என்றாள்.

ஒன்றும் ஆகவில்லை. ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் காயங்களில் மூன்றிலொரு பங்கு முதல் பாதி வரை, பெரியவர் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிகழ்ந்தவை என்று அந்த அமெரிக்க அறிக்கையில் வாசித்திருந்தேன். வாசித்தபோது, அந்தப் பெரியவர்கள் எத்தகைய கவனயீனர்கள் என்று மனதுக்குள் ஏசியும் இருந்தேன். அந்த மாலையில் அந்தப் பெரியவர் நானாகவே இருந்தேன்.

அன்றிரவு பிள்ளைகள் உறங்கிய பின் மூவரும் சமையலறை மேசையில் அமர்ந்தோம். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். பிறகு என் முடிவைச் சொன்னேன். இரும்பும் விற்சுருளும் வலையும் திருத்தக்கூடியவை. இடமும் ஏறக்குறையப் போதும். பேரன் தனியாகத் துள்ளினால் நான் பயப்பட மாட்டேன். ஆனால் இந்த வீட்டில் அவன் தனியாகத் துள்ளப் போவதில்லை. எட்டு வயது அண்ணனையும் நாலரை வயதுத் தங்கையையும் ஒரு வளவில் விட்டு, நடுவில் இதையும் வைத்து, இருவரையும் பிரித்து வைப்பது எந்தக் காவலாளாலும் முடியாது. அவர்கள் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள் என்பதுதான் இங்கே ஆபத்து. எனவே இப்போதைக்கு வேண்டாம். சின்னவளுக்கு ஆறு வயது தாண்டி, விதி என்றால் என்னவென்று விளங்கிய பிறகு மறுபடியும் அளவு நாடாவை எடுக்கலாம். அதுவரை பேரனை, பயிற்றுநர் நின்று பழக்கும் உடற்பயிற்சிக் கழகத்தில் சேர்த்துவிடலாம்.

மருமகன் சற்று நேரம் பேசாமல் இருந்தார். "சரி மாமா" என்றார். மனத்தாங்கல் இருந்திருக்கும். நல்ல தந்தை அவர். பிள்ளைகளுக்கு வெளிச்சமும் காற்றும் வேண்டும் என்பதற்காகவே கேட்டார். அவர் கேட்டதில் பிழையில்லை.

அவர் எழுந்து போன பின் மகள் சொன்னாள்: "நீங்கள் ஓம் எண்டுதான் சொல்லுவியள் எண்டு நினைச்சன் அப்பா. நீங்கள்தானே எனக்கு ஊஞ்சல் கட்டித் தந்தனீங்கள்."

நான் அந்த ஊஞ்சலைப் பற்றி, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவளிடம் சொல்லாததைச் சொன்னேன். கயிற்றைப் பார்த்தேன், பிள்ளைகளைப் பார்க்கவில்லை என்றேன். அவள் தன் இடது கையை மேசையில் வைத்து, நீட்டக்கூடிய மட்டும் நீட்டிப் பார்த்தாள். "அந்த மூண்டு நாளும் எனக்கு நல்ல சந்தோசமா இருந்தது அப்பா," என்றாள். "அதை ஏன் ஒருத்தரும் கேக்கிறேல்லை?"

இதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. இதை எழுதுவதும் ஓரளவு அதனால்தான்.

உலகின் பல மூலைகளில் வளவும் புற்றரையும் உள்ள வீடுகளில் பிள்ளைகளை வளர்க்கும் நம்மவர்கள் இதை வாசிக்கக்கூடும். முற்றாக வேண்டாம் என்று சொல்ல நான் மருத்துவன் அல்லன். வாங்குவதானால் விலையைக் கேட்பதற்கு முன் நான்கு விடயங்களைக் கேளுங்கள். வீட்டில் ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளை இருக்கிறதா? சுற்றிவரவும் தலைக்கு மேலும் இடம் இருக்கிறதா? விற்சுருள், மெத்தை, வலை ஆகியவற்றை ஒவ்வொரு பருவமும் கையால் தொட்டுப் பார்க்க ஆளிருக்கிறதா? எல்லாவற்றுக்கும் மேலாக, விருந்தாளிப் பிள்ளைகள் வந்திறங்கும் பிறந்தநாள் விழா அன்றும், ஒரு நேரத்தில் ஒருவர் என்ற விதியை உங்களால் காப்பாற்ற முடியுமா? கடைசிக் கேள்விக்கு உண்மையான பதில் தெரிய வேண்டுமானால் பிள்ளைகளை இரண்டு மாலைகள் விளையாட விட்டுப் பாருங்கள். முதல் மாலையை நம்பிவிடாதீர்கள்.

பழுதுகளின் பட்டியலை அடுத்த வீட்டுக்காரரிடம் எழுதிக் கொடுத்தேன். அவர் நன்றி சொல்லி, அதைக் கழற்றிப் பழைய இரும்பாகவே அனுப்பிவிட்டார். பேரன் இரண்டு நாட்கள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், அப்பிள் மரக் கொப்பை இனி வெட்டத் தேவையில்லைதானே, அதில் ஊஞ்சல் கட்டலாமா என்று கேட்டான்.

நான் மகளைப் பார்த்தேன். அவள் கயிறு வாங்கப் போனாள். ஒரு பலகை, ஒரு பிள்ளை இருக்கும் அகலம் மட்டும். பின்னால் நின்று உழக்க இடம் விடாமல் நானே அறுத்துக் கொடுத்தேன்.